கட்டிலைப் போடு, கட்டிலை எடு

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து கிருத்திகா அழைத்திருந்தாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். நல்ல படிப்பு, நல்ல சுறுசுறுப்பு. குரல் மட்டும் அன்றைக்குச் சரியில்லை.

"அங்கிள், லேபர் ஆபிஸ் ஒண்ணு சொல்லுது, நகராண்மைக் கழகம் வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டு பேர்ல யாரு பெரியவங்க? யாரு சொல்றத கேக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து இல்லை. இதே கேள்வியை, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து மாசாய் ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். "தெரியலம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஏதோ தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அதற்காகவே இதை எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு அவளும் என்னைப் போலவே குழம்பினால், அது என் பொறுப்பல்ல.

நான் லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் பிறந்தவன். அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கூலி. எனக்குப் படிப்பு பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு சரி. பாசீர் கூடாங் பக்கம் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோரில் சேர்ந்தேன், பிறகு பாதுகாவலர், பிறகு போக்குவரத்து. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வர ஆரம்பித்ததும் அவர்கள் தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. நேப்பாளம், வங்காளதேசம், தமிழ்நாடு என்று எல்லா இடத்து ஆட்களோடும் எப்படியோ பேசிவிடுவேன் என்பதால் என்னைப் போட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜொகூர் பாருவில் ஒரு ஓட்டலில் கூட்டம் நடந்தது, சட்டம் பற்றித் திரையில் படம் காட்டினார்கள், தேநீரோடு கொடுத்த கறிபாப் நன்றாக இருந்தது.

வீடுகள் மாசாயில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையின் நடுவில் மூன்று இரட்டை மாடி வீடுகள். கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. வாரத்தில் இரண்டு முறை போவேன். முதலில் வாசலில் செருப்புகளைப் பார்ப்பேன். புதுச் செருப்பு இருந்தால் யாரோ வெளியாளைக் கூட்டி வந்து தங்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு சமையலறை. எரிவாயுக் குழாயை சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். ஒரே பிளக்கில் எத்தனை சோற்றுப் பானை சொருகியிருக்கிறது என்று பார்ப்பேன். ஒவ்வொரு கூட்டாளிக் குழுவுக்கும் தனிச் சோற்றுப் பானை. நேப்பாளிகள் பானையில் தமிழ்நாட்டுக்காரர்கள் வேக வைக்க மாட்டார்கள். எல்லாப் பானையும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் மொத்த வீடும் இருட்டாகிவிடும். அதற்கு முறை வைத்துக் கொடுத்தவன் நான். என் உத்தியோக வாழ்க்கையில் எல்லாரும் கேட்டு நடந்த ஒரே சட்டம் அதுதான்.

என் மேலதிகாரி மிஸ்டர் தியோ. நிர்வாக மேலாளர். மெதுவாகப் பேசுவார், யாரையும் திட்டியதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடிதம் வந்தாலும் எழுந்து நின்றுதான் படிப்பார். படித்து முடித்ததும் மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தால், அந்த விஷயம் இன்னும் பிறக்கவில்லை என்று பொருள். "யூ செட்டல் லா, ராஜு" என்பார். மேசைமேல் வைத்து அதன்மேல் கண்ணாடிக் குவளையை வைத்தால் விஷயம் பிறந்துவிட்டது. அப்புறம் யார் சொன்னாலும் அதை அவர் நிறுத்த மாட்டார். தன் காலத்தில் கம்பெனியின் மீது ஒரு சம்மன்கூட வந்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. அந்தப் பெருமையில் தப்பு சொல்ல என்னால் முடியாது. அவர் கெட்டவரில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் எடுபடாது.

தொழிலாளர் தங்குமிடம் பற்றிய கூட்டரசுச் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், முன்பு தோட்டங்களுக்கு மட்டும் என்று இருந்தது. பிறகு அதை எங்களைப் போன்ற தொழிற்சாலைகளுக்கும் நீட்டினார்கள். நீட்டிய கொஞ்ச காலத்தில் கூட்டரசின் லேபர் ஆபிசிலிருந்து சாந்தி மேடம் வந்தார். கூலாய் பக்கத்துப் பெண். கண்டிப்பானவர், ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது தொழிலாளிகளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் நுழைவார். அதை நான் வேறு எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் வீடுகளில் கட்டில் கிடையாது. தரையில் மெத்தை. பகல் ஷிப்ட்காரன் எழுந்து போனதும் அதே மெத்தையில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். மெத்தை ஆறுவதே இல்லை. மேடம் ஒரு மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க வீட்டுல இப்படித்தான் படுப்பீங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆளுக்கு ஒரு கட்டில், ஆளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான். விடுதி விதிகளைத் தொழிலாளிகளின் மொழியில் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். கடைசியாக, இது முறையான தங்குமிடம் என்று அவர்களிடமிருந்து ஒரு சான்றிதழ். அதற்கு விண்ணப்பிக்கும்போது நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் கடிதத்தையும் இணைக்க வேண்டும் என்றார். அந்தக் கடைசி வரியை நான் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மிஸ்டர் தியோ செலவுக்குத் தயங்கவில்லை. லோரியில் இரும்பு அடுக்குக் கட்டில்கள் வந்து இறங்கின. எல்லார் முகத்திலும் சந்தோஷம். விதிகளைத் தமிழிலும் நேப்பாளியிலும் வங்காளியிலும் எழுதி வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டினேன். மேலே பெரிய எழுத்தில் தொழிலாளர் விடுதி என்று மலாயில் எழுதச் சொன்னதும் நான்தான். பார்க்க அழகாக இருந்தது.

அந்த அழகைத்தான் மாநில அரசின் கீழ் வரும் நகராண்மைக் கழகத்து அதிகாரி ஹம்டான் ஐயா, மலாயில் என்சிக் ஹம்டான், கைப்பேசியில் படம் எடுத்தார். பக்கத்து வீட்டில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள், மோட்டார் சைக்கிள் இரைச்சல் என்று. அவர் உள்ளே வந்து கட்டில்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நாங்கள் மலாயில்தான் பேசினோம். எனக்கு நினைவில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"ராஜு, இது குடும்பம் தங்குற வீடு. இங்க விடுதி நடத்தக் கூடாது. நடத்தறீங்கன்னு நீங்களே எழுதி மாட்டி வச்சிருக்கீங்க."

"என்சிக், லேபர் ஆபிஸ்ல மாட்டச் சொன்னாங்க."

"அவங்க மாட்டச் சொல்லலாம். இந்த வீட்டுல மாட்டுன்னா சொன்னாங்க?"

ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு பக்கமும் வீடு ஒட்டிய நடு வீட்டுக்கு விடுதி அனுமதி கொடுப்பதில்லை, விண்ணப்பித்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டில்களை எடுத்துவிட்டு, ஆட்களைக் குறைத்து, வீட்டை வீடாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம், அப்புறம் சீல்.

"ஒருக்கா நெருப்புப் பிடிச்ச வீட்டுக்குப் போனேன்" என்றார் வாசலில் சப்பாத்து போட்டுக்கொண்டே. "உள்ள கட்டில் கட்டிலா ஆளு. சன்னல்ல இரும்புக் கம்பி. ஒரே கதவு. அதுக்கப்புறம் அடுக்குக் கட்டிலப் பாத்தா மொதல்ல கதவத்தான் எண்ணுவேன்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் என் கஷ்டமே. இரண்டு பேரில் ஒருத்தர் அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நகராண்மைக் கழகத்து எச்சரிக்கைக் கடிதத்தை மிஸ்டர் தியோவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "யூ செட்டல் லா."

செட்டல் பண்ணினேன். கட்டில்கள் லோரி ஏறின. மெத்தைகள் மறுபடி தரைக்கு வந்தன. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி சாமி படத்தின் பின்னால் வைத்தேன். அடுத்த முறை சாந்தி மேடம் வந்து தரையில் மெத்தைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கட்டில் வாங்கிய ரசீதைக் காட்டினேன். "ரசீதுலயா அண்ணே படுக்க முடியும்?" என்று கேட்டார். கட்டில்கள் திரும்பி வந்தன. கொஞ்ச நாளில் ஹம்டான் வருவதாகத் தகவல், மறுபடி லோரி. ஆணியும் திருகும் தேய்ந்து கட்டில்கள் ஆட ஆரம்பித்தன. லோரிக்காரர் என்னைப் பார்த்தாலே, "இன்னைக்கு போடறதா எடுக்கறதா?" என்று கேட்பார். தாமானில் எங்களைக் கட்டில் வியாபாரிகள் என்றே நினைத்துக்கொண்டார்கள். கூட்டரசு வந்தால் கட்டில், மாநிலம் வந்தால் தரை. இப்படி ஒரு வேலையைச் செய்வோம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இதற்கு நடுவில்தான் முருகேசனுக்கு அடிபட்டது. அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். முப்பது வயது இருக்கும். ஸ்டோரில் சரக்கு இழுக்கும் வண்டி கணுக்காலில் ஏறிவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் அறுவை செய்து உள்ளே தகடு வைத்தார்கள். மாடி ஏறக் கூடாது, கால் ஊன்றக் கூடாது, தொடர்ந்து பயிற்சிக்கு வர வேண்டும், ஒழுங்காகச் செய்தால் பழையபடி நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கீழ்த்தளத்தில் வரவேற்பறையில் ஒரு கட்டிலைப் போட்டு அவனைப் படுக்க வைத்தேன். மற்றக் கட்டில்கள் போய் வந்தாலும் அந்த ஒரு கட்டிலை நான் அசைக்கவில்லை. வேலைக்கான அனுமதி முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. கால் சரியாகிவிட்டால் திரும்ப வேலைக்குப் போகலாம். ஊருக்கு அனுப்பிவிட்டால் நொண்டிக் காலோடு வருகிறவனை இன்னொரு தடவை எந்த நாட்டிலும் எடுக்க மாட்டார்கள். அவனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

படுத்துக் கிடக்கிறவனுக்குப் பேச்சுத்தானே துணை. அவன் பேச்சு முழுக்க அரசியல். கட்டில் கதையை நான் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இது எங்க ஊர்ப் பிரச்சனைண்ணே. டெல்லி ஒண்ணு சொல்லும், மாநிலம் முடியாதுன்னு சொல்லும். டீக்கடையில இதுக்காக நான் அடிதடி வரைக்கும் போயிருக்கேன்."

"நீ எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லண்ணே. மாநிலத்துக்குத்தான் உரிமை வேணும். மண்ணு யாருது? நம்ம ஊரப் பத்தி டெல்லிக்காரனுக்கு என்னண்ணே தெரியும்?"

"அப்படின்னா ஹம்டான் சொல்றதுதான் சரி. ஒன்னோட கட்டில எடுத்துடவா?"

அவன் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஒரு விஷயத்துல மட்டும் டெல்லி சொல்றத கேட்டுக்கலாம்ணே" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

பிறகு ஒரு நாள் காலையில் நடக்கக் கூடாதது நடந்தது. சாந்தி மேடம் வருவதாகச் சொல்லியிருந்ததால் கட்டில்களைப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தையும் மாட்டி வைத்திருந்தேன். மேடம் வந்து மாடியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது வாசலில் நகராண்மைக் கழகத்து வண்டி வந்து நின்றது. ஹம்டான் சொல்லாமல் வந்துவிட்டார். ஒரே வரவேற்பறையில் கூட்டரசும் மாநிலமும் எதிரெதிரே நின்றன. நடுவில் முருகேசன் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், குடும்பம் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். ஹம்டானின் மகளும் மேடத்தின் தங்கையும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம். நான் பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் தேநீர் வாங்கி வந்தேன். திரும்பி வரும்போது இருவரும் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்றிருந்தார்கள். ஒருத்தருக்கு அது நான் சட்டத்தை மதித்ததற்குச் சாட்சி, மற்றவருக்கு நான் சட்டத்தை மீறியதற்குச் சாட்சி.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நான் படிக்காதவன். ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. நாடாளுமன்றத்துல போட்ட சட்டம் பெருசா, உங்க சட்டம் பெருசா?"

ஹம்டான்தான் முதலில் சொன்னார். "நாடாளுமன்றம் பெருசுதான். ஆனா அரசியலமைப்புல பட்டியல் பிரிச்சிருக்காங்க. தொழிலாளி அவங்க பட்டியல். மண்ணும் நகராண்மைக் கழகமும் எங்க பட்டியல். அங்க போடற சட்டத்துல சிலது, இங்க மாநில சட்டமன்றம் ஏத்துக்கிட்டாத்தான் இந்த மண்ணுல செல்லும். சட்டம் கோலாலம்பூர்ல போட்டதா இருக்கலாம், வீடு ஜொகூர்லதானே இருக்கு?"

"அந்த மாதிரி சட்டமா இது?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். "இல்லண்ணே. எங்க சட்டம் நாடு முழுக்கச் செல்லும். ரெண்டு சட்டம் மோதிக்கிட்டா கூட்டரசுச் சட்டந்தான் நிக்கும்னு அதே அரசியலமைப்புல இருக்கு."

"அப்ப நீங்க சொல்றதுதான்..."

"ஆனா இங்க ரெண்டும் மோதவே இல்லண்ணே. நான் தொழிலாளிக்கு கட்டில் குடுன்னு சொல்றேன். அவரு இந்த வீட்டுல குடுக்காதன்னு சொல்றாரு. ரெண்டும் ரெண்டு விஷயம்."

"சரியாச் சொன்னீங்க" என்றார் ஹம்டான். இருவரும் ஒத்துப்போனது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. மாநிலம் மறுக்கிறதா என்று கேட்டால், மறுக்கவில்லை என்கிறார் ஹம்டான். கூட்டரசு கட்டாயப்படுத்துகிறதா என்று கேட்டால், அந்த வீட்டைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை என்கிறார் மேடம். சட்டம் எங்கேயும் மோதவில்லை. என் வரவேற்பறையில் மட்டும்தான் மோதிக்கொண்டிருந்தது.

இருவரும் மேலிடத்துக்கு எழுதுகிறோம், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மேலிடம் பதில் போட்டது. இரண்டு மேலிடமும் ஒரே வாரத்தில். லேபர் ஆபிஸ் கடிதத்தில் சான்றிதழ் இல்லாத இடத்தில் யாரையும் தங்க வைக்கக் கூடாது என்று இருந்தது. நகராண்மைக் கழகக் கடிதத்தில் விடுதியாக நடத்தினால் சீல் என்று இருந்தது. மிஸ்டர் தியோ எழுந்து நின்றார். ஒன்றைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார். நான் அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டையும் மேசைமேல் வைத்து அவற்றின்மேல் குவளையை வைத்தார்.

"ராஜு, ரெண்டு பேரும் ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்க. வீட்டுல ஆளு இருக்கக் கூடாது."

எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை மாதம் எதற்குக் கீழ்ப்படிவது என்று நான் அலைந்தேன். அவர் ஒரே நிமிஷத்தில் இரண்டுக்கும் கீழ்ப்படிய வழி கண்டுபிடித்துவிட்டார்.

தொழிற்சாலைப் பகுதியில் தனியார் ஒருவர் நடத்தும் பெரிய விடுதி வளாகம் இருந்தது. இரண்டு அனுமதியும் அவர்களிடம் உண்டு. அங்கே படுக்கைகளை வாடகைக்கு எடுத்தார். சுத்தமான இடம், ஆளுக்கு ஒரு கட்டில். ஆட்கள் எல்லாரும் பேருந்தில் ஏறிப் போனார்கள். அவர்களுக்கு அது நல்லதுதான், மறுக்க மாட்டேன். முருகேசனை மட்டும் வளாகத்துக்காரர்கள் எடுக்கவில்லை. கீழ்த்தளத்தில் அவர்களுக்குப் படுக்கை அறை கிடையாது. நடமாட முடியாத நோயாளியைத் துணை இல்லாமல் வைத்துக்கொள்வதும் அவர்கள் விதியில் இல்லை.

என் மனைவியிடம் கேட்டேன். மகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் கீழ் அறை காலியாகத்தான் இருந்தது. "கூட்டிட்டு வாங்க, ஒரு ஆளுக்குச் சோறு போட முடியாதா?" என்றாள். நான் உற்சாகமாக சாந்தி மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா கம்பெனி ஆளு தங்குற எடத்துக்குச் சான்றிதழ் வேணும். உங்க வீட்டுக்குக் கிடைக்காது. நகராண்மைக் கழகம் விருந்தாளின்னு ஒத்துக்கிட்டா, என்னால கண்ண மூடிக்க முடியுமான்னு பாக்கறேன்."

ஹம்டானை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராஜு, ஒன் வீட்டுல யார வேணாலும் விருந்தாளியா வச்சுக்க. நான் கேக்க மாட்டேன். ஆனா அவன் வேல அனுமதியில கம்பெனி முகவரி இருக்கு. கம்பெனி அவன ஒன் வீட்டுல வச்சிருக்குன்னா, ஒன் வீடும் விடுதிதான். அது விடுதி இல்லன்னு லேபர் ஆபிஸ் எழுதிக் குடுத்தா எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல."

அவர் எழுதினால் இவர், இவர் எழுதினால் அவர். இருவருக்கும் உண்மையிலேயே வருத்தம். மேடம் எனக்குத் திரும்பப் போன் பண்ணி, ஏதாவது ஆச்சா என்று விசாரித்தார். ஹம்டான் முருகேசனுக்கு ஒரு ஊன்றுகோல் கொண்டுவந்து கொடுத்தார், தன் தகப்பனார் வைத்திருந்ததாம். நான் கோபப்பட ஆசைப்பட்டேன். யார்மேல் படுவது என்று தெரியாமல் வீட்டில் வந்து மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

மிஸ்டர் தியோ முடிவு செய்தார். மேல் சிகிச்சைக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்புவது. விமான டிக்கெட், மருத்துவமனைக் கடிதம், சக்கர நாற்காலி ஏற்பாடு எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பிஸ்கட் டின்னும் மைலோ மாவும் அவரே வாங்கி வந்து கொடுத்தார். "ரெண்டு இலாகாவுக்கும் இப்ப நம்ம மேல ஒரு குறையும் இல்ல" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அவன் கால்..." என்று ஆரம்பித்தேன். "அங்கயும் டாக்டர் இருக்காங்க, ராஜு" என்றார் மெதுவாக.

கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் கம்பெனி வேனில் நானே கூட்டிப் போனேன். முருகேசன் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வழியில் உள்ள யோங் பெங் ஊர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு நாள் ஓயாமல் பேசியவன் பேசாமல் வந்தது எனக்குத் தாங்கவில்லை. அங்கே சாப்பிட நிறுத்தினோம். அவனால் இறங்க முடியாது என்பதால் ரொட்டி சானாயை வண்டிக்கே வாங்கி வந்து கொடுத்தேன். கதவைத் திறந்து வைத்து, ரோட்டோரம் நின்று நானும் சாப்பிட்டேன்.

பாதி சாப்பிட்டதும் கேட்டான். "அண்ணே, எந்த கவர்மெண்டுண்ணே என்னப் போகச் சொன்னது? மாநிலமா, மத்தியா?"

"ரெண்டும் சொல்லலப்பா."

"கம்பெனியா?"

"ரெண்டு கவர்மெண்டு சொன்னதையும் கம்பெனி கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு சட்டமும் எதுக்குப் போட்டது?"

எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "ஒன்ன மாதிரி ஆளுங்க நல்லபடியா இருக்கணும்னுதான்."

அவன் தலையை ஆட்டினான். கையில் இருந்த ரொட்டியைத் திரும்பத் தாளில் வைத்து மடித்தான். கோபம் ஒன்றும் இல்லை அவனிடம், கணக்குப் புரியாத பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"எதுவா இருந்தாலும் ஊர்ல ஒருத்தரத் திட்டுவோம்ணே. டெல்லிய திட்டுவோம், இல்லாட்டி சென்னைய திட்டுவோம். திட்டிட்டு வந்து படுத்தா தூக்கம் வந்துரும். இங்க நான் யாரண்ணே திட்டறது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான், நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று. பிறகு, "சரி, போலாம்ணே" என்று அவனே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.